சிரட்டை அளவுச் சோறு

என் அக்காவைக் கட்டியிருந்த அத்தான், கல்யாண வீடுகளில் சமைக்கும் தவசிப்பிள்ளை. அவர் ஓய்வாக இருக்கும் நாளுக்காக முகூர்த்தத்தைத் தள்ளி வைத்தவர்கள் உண்டு. நானும் அவரோடுதான் சமையலுக்குப் போய்வந்தேன். அடுப்படியில் நின்றபடி தின்பார். பந்தி முடிந்தபின் இலை போட்டுத் தின்பார். வீட்டுக்கு வந்து அக்கா மனம் கோணாமல் மறுபடியும் தின்பார். நாற்பது வயதுக்குள் உடம்பு பெருத்துவிட்டது.

பூதப்பாண்டியில் ஒரு கல்யாணம். அடைப்பிரதமன் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தவர் சட்டுவத்தை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு இரைத்தது, பேச்சு வரவில்லை. மிச்சச் சமையலை நாங்கள்தான் முடித்தோம்.

கோட்டாற்று வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். "சோத்தைப் பாதியாக் குறைக்காம எந்த மருந்தும் ஏறாது வே."

"என் தொழிலே சோறாக்குததுல்லா?" என்றார் அத்தான்.

"ஆக்கும். ஆரு வேண்டாம்னா? தின்கதைத்தான் சொல்லுகேன்."

வீட்டுக்கு வந்ததும் அத்தான் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வழவழப்பாகத் தேய்த்துச் சோற்றுப்பானை அருகில் வைத்தார். "ஏட்டி, இனி எனக்கு இதுல ஒண்ணு. அதுக்கு மேல வைக்கப்பிடாது."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எஞ் சோறு அலுத்துப் போச்சா?"

"அலுத்தா அளந்து கேப்பனா? கீரையும் தடியங்காய்க் கூட்டும் எம்புட்டு வேணும்னாலும் வையி."

முதலில் பசி அவரைப் படுத்தியது. மோரைக் குடித்துவிட்டுக் குளத்தங்கரையில் நடப்பார். சமையலில் உப்பு பார்ப்பது உள்ளங்கையில் ஒரு சொட்டு மட்டும். நக்கியதும் கையைக் கழுவிவிடுவார். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் பதறிப்போய், "தவசிப்பிள்ளையே உண்ணல்லேன்னா ஆளுவ என்ன நெனைக்கும்?" என்று கேட்டார். அத்தான் மறுக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து, ரசித்து, மெல்லமாகத் தின்றார். பக்கத்து இலைக்காரர் மூன்றாம் முறை சோறு வாங்கும்வரை அவரும் தின்றுகொண்டுதான் இருந்தார்! யாருக்கும் மனக்குறை இல்லை.

என் கல்யாணத்தன்றுதான் கட்டு அவிழ்ந்தது. சந்தோஷத்தில் பிரதமனை டம்ளர் டம்ளராகக் குடித்தார். மறுநாள் பட்டினி கிடப்பார் என்று நினைத்தேன். எப்போதும்போல் தன் சிரட்டைச் சோற்றோடு உட்கார்ந்தார்.

"இன்னைக்கும் தின்கேளா அத்தான்?"

"நேத்து தின்னதுக்கு இன்னைக்குக் காய்ஞ்சு கெடந்தா, நாளைக்கு ரெண்டு ஆளு சோத்தைத் திம்பேன். நேத்து போச்சு, விடு."

இதைத்தான் நான் அவரிடம் மிகவும் மதித்தேன். வைராக்கியம் பிடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தவறியபின் தன்னைத் திட்டாமல், மற்றவர்களையும் படுத்தாமல், பழைய இடத்துக்கே திரும்பி வருகிறவரை அவர் ஒருவரிடம்தான் கண்டேன். எங்களுக்கு ஒருநாளும் அவர் குறைத்து விளம்பியதில்லை.

உடம்பு மெல்ல மெல்லத்தான் இறங்கியது. இரண்டு வருஷம், இரண்டு கும்பப்பூ அறுப்பு கழிந்தபின் சுசீந்திரத்தில் ஒரு சமையல். அக்காவும் வந்திருந்தாள். நாளெல்லாம் அடுப்படியில் நின்ற மனிதர், சாயங்காலம் வண்டி வேண்டாம் என்று நடக்கத் தொடங்கினார். அக்காவும் நானும் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனோம்.

"இஞ்ச, கொஞ்சம் நில்லுங்க!" என்று அக்கா கத்தினாள்.

அவர் வாய்க்கால் பாலத்தில் நின்று, இரைப்பே இல்லாமல் சிரித்தார்.