உத்திரமேரூரில் மரகதத்தை வரையத் தடை

இந்தப் பதிவை ஊருக்குத் திரும்பிய அன்றே எழுதியிருந்தால் முக்கால்வாசி வசவாகத்தான் இருந்திருக்கும். கொஞ்சம் ஆறட்டும் என்று பத்து நாள் விட்டேன். ஆறவில்லை. அதனால் இதிலும் வசவு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூர் போக நினைப்பவர்களுக்குப் பஸ், சாப்பாடு விவரமெல்லாம் நடுநடுவே சொல்லியிருக்கிறேன்.

போனது இந்த மாதம் இரண்டாவது ஞாயிறு. போன காரணம் சரளாக்கா. தமிழ்க் காமிக்ஸ் வாசிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: 'காயில் மரகதம்' என்ற சித்திரக்கதையை எழுதி வரைபவர் அவர்தான். மரகதம் கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டும் மெக்கானிக். நாற்பது வயது, கறுப்பு, குள்ளம், முன்பல்லில் சந்து, புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. மொபெட்டில் டூல்ஸ் பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். மோட்டாரையும் ஒயரையும் திருடுகிறவர்களைக் கண்டுபிடிப்பாள். துப்பாக்கி கிடையாது, பறக்கவும் மாட்டாள். முதல் புத்தகம் வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். என்னைப் போல நிறம், என் அத்தையைப் போல உடம்பு, அவள்தான் கதாநாயகி. அதுவரை அப்படி ஒரு புத்தகத்தை நான் கையில் தொட்டதில்லை.

இந்த வருடம் அதைப் படமாக எடுத்தார்கள். படத்தின் பெயரை எழுத மாட்டேன், என் செலவில் அதற்கு விளம்பரம் வேண்டாம். காமிக்ஸைப் படமாக்குவதே பாவம் என்று சொல்கிற கட்சி இல்லை நான். நல்லபடியாக எடுத்தால் முதல் நாளே போய் விசிலடிப்பேன். இதற்கும் அப்படித்தான் போனேன். மரகதம் எங்கே என்று தேடினால் சுவரில் இருக்கிறாள், மாலை போட்ட போட்டோவாக. அவளுக்கு ஆறடியில் ஒரு மகனாம். அம்மாவைக் கொன்றவனைத் தீர்த்துக்கட்ட அவளுடைய மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறானாம். அந்த போட்டோவில் இருப்பவராவது கறுப்பாக இருக்கிறாரா என்றால் அதுவும் இல்லை, சுண்டினால் ரத்தம் வரும் நிறத்தில் யாரோ ஒரு அம்மா. இடைவேளையில் வெளியே பொம்மை மொபெட் விற்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

என் பைத்தியம் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காமிக்ஸ் விழாக்களில் ஓவியர்களிடம் படம் வரைந்து வாங்கிச் சேர்க்கிறேன். வெள்ளைத் தாளும் அட்டையும் நாமே கொண்டுபோக வேண்டும். வரைந்து முடித்ததும் அதில் நம் பெயரையும் எழுதச் சொல்வது எங்கள் வட்டத்து வழக்கம். பெயர் எழுதியிருந்தால், படம் வாங்கி விற்கிற ஆட்கள் அதைத் தொட மாட்டார்கள். எந்த ஓவியரிடமும் நான் கேட்பது ஒன்றேதான், அவருடைய பாத்திரம் டீ குடிப்பது போல ஒரு படம். பேயோட்டும் மந்திரவாதி சாஸரில் ஊற்றிக் குடிக்கிறார். விண்வெளி வீரன் ஹெல்மெட்டுக்குள் ஸ்ட்ரா விட்டுக் குடிக்கிறான். எங்கள் வீட்டுக் கூடத்துக்கு என் வீட்டுக்காரர் வைத்திருக்கும் பெயரே டீக்கடை. அந்தச் சுவரில் மரகதம் மட்டும் இல்லை. சரளாக்கா சென்னைக்கும் வர மாட்டார், பெங்களூருக்கும் வர மாட்டார்.

அதனால் உத்திரமேரூர் ரசிகர்களே அவர் ஊர்ப்பக்கம் ஒரு சந்திப்பு வைத்தார்கள். முன்னின்று நடத்தியவர் செந்தில், அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மண்டப வாடகையையும் சாப்பாட்டையும் படக் கம்பெனியே ஏற்றுக்கொள்கிறது என்று வாட்ஸப் குழுவில் சந்தோஷமாகப் போட்டார். நாங்களும் வரிசையாகக் கைதட்டும் பொம்மைகளைப் போட்டோம். கம்பெனி ஏன் சோறு போடுகிறது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தாம்பரத்தில் காலை 6.10க்குக் காஞ்சிபுரம் பஸ் பிடித்தேன். டிக்கெட் 55 ரூபாய், இரண்டு மணி நேரம். காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே இட்லி, வடை, காபி 70 ரூபாய். வடையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது முந்தின நாள் வடை. அங்கிருந்து உத்திரமேரூர் 28 கிலோமீட்டர். 8.50க்குக் கிளம்பிய பஸ்ஸில் 30 ரூபாய் கொடுத்தேன். பெண்கள் கொஞ்சம் காத்திருந்தால் டிக்கெட் இல்லாத டவுன் பஸ் கிடைக்கும் என்று இறங்கும்போதுதான் கண்டக்டர் சொன்னார். ஏறும்போது சொன்னால் என்னவாம்? பாலாறு, மாகரல், செய்யாறு தாண்டிப் போகிறது வழி. காலை வெயில் இடது பக்கம் அடிக்கும், வலது பக்கம் உட்காருங்கள்.

பஸ் நிலையத்திலிருந்து மண்டபம் ஒன்றரை கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய்.

"இன்னாம்மா, சினிமா ஃபங்ஷனா? ஈரோ வர்றாராமே?" என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

"ஹீரோவைப் பார்க்க வரலைங்க. படம் வரையற சரளாம்மாவைப் பார்க்க வந்தேன்."

"எந்தச் சரளாம்மா? ரேசன் கடைல எனக்கு முன்னால நின்னுக்கினு இருக்குமே, அதுவா? அது படம் போடுமா?" என்று வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார். "நம்ம கைல சொல்லவே இல்லியே!"

மண்டப வாசலில் வாழைமரம். தட்டில் சந்தனம், கல்கண்டு. மேடையில் பொண்ணு மாப்பிள்ளை உட்காரும் இரண்டு பெரிய நாற்காலிகள். ஒன்றில் ஹீரோவின் அட்டை உருவம், இன்னொன்றில் ரிப்பன் கட்டிய பொம்மை மொபெட். சரளாக்காவை மேடையில் தேடினேன், முதல் வரிசையில் தேடினேன். கடைசியில் பார்த்தால் வாசல் பக்கம், மொய் எழுதுகிற மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டுக்கரை வேட்டி கட்டிய ஒருவர் நேராக வந்து அவரிடம் கவரை நீட்டினார்.

"மாப்ள வூட்டு சைடு, எழுதிக்கோம்மா."

"இது கண்ணாலம் இல்ல நைனா," என்றார் சரளாக்கா. "கவர வச்சிக்கினு உள்ள போ. காபி குடுக்கறாங்க, குடிச்சிட்டுப் போ."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பது வயதுக்காரர், அந்த மண்டபத்துக்கு நாங்கள் வந்ததே அவரால். அவரை மொய் மேஜையில் உட்கார வைத்துவிட்டு, அட்டைக்கு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள்.

வரிசைக்கு டோக்கன் கொடுத்தார்கள், என்னுடையது 43. மேடையில் டிரெய்லர் திரும்பத் திரும்ப ஓடியது. படம் வாங்கிக்கொண்டு போனவர்கள் தாளைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு, யாரிடமும் காட்டாமல் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். என்ன இப்படிப் பதுங்குகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு மணிக்கு என் முறை வந்தது. தாளை நீட்டினேன்.

"அக்கா, மரகதம் டீ குடிக்கிற மாதிரி வேணும்."

அவர் நிமிராமல், தணிந்த குரலில் சொன்னார். "மரகதம் வேணாம்மா. வண்டி போட்டுத் தரேன், டீக்கட வாசல்ல நிக்கிற மாதிரி. செரியா?" சொல்லிக்கொண்டே ஒரு சக்கரத்தை வரைந்துவிட்டார். ஒரே சுழற்சி, கம்பிகளெல்லாம் தானாக வந்து விழுந்தன.

"ஏன்க்கா, மரகதம் ஏன் வேணாம்?"

"அவள நான் போடக் கூடாதாம். அக்ரிமென்டுல கீதாம்."

இந்த இடத்தில் புத்தியுள்ளவள் என்ன செய்திருப்பாள்? வாயை மூடிக்கொண்டு வண்டியை வாங்கிக்கொண்டு போயிருப்பாள். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "உங்க மரகதத்தை நீங்க போடக் கூடாதா? எவன் சொன்னது?" என்று கத்தினேன். சரளாக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அதற்கும் எனக்கு உறைக்கவில்லை. "சொல்லுங்க, எவன் சொன்னது?"

சொன்னவன் வந்துவிட்டான். கழுத்தில் அட்டை மாட்டிய கம்பெனி ஆள், இருபத்தைந்து வயதிருக்கும், ரொம்ப மரியாதை.

"மேடம், கேரக்டர் ரைட்ஸ் ஃபுல்லா கம்பெனிக்கு. சரளா மேடம் சைன் பண்ணியிருக்காங்க. நீங்க போஸ்டர்ல ஆட்டோகிராஃப் வாங்கிக்கலாம், ஃப்ரீதான்." பேசிக்கொண்டே மேஜையில் இருந்த தாளைப் பார்த்தான். "இது என்ன?"

"வண்டிப்பா," என்றார் சரளாக்கா.

"மரகதத்தோட வண்டியா?"

"வண்டி யாருதுன்னு எழுதியா கீது?"

அவன் யோசித்தான். பிறகு, நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை, கை கழுவும் இடத்துக்குப் போய் சென்னைக்கு போன் போட்டான். ஒரு பெண் இருபது வருடமாக வரைந்த மொபெட்டை அவள் வரையலாமா கூடாதா என்று எவனிடமோ கேட்டுக்கொண்டு நின்றான். வரிசை முழுக்க அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்தான்.

"மொபெட்டும் சேர்த்திதானாம் மேடம். டாய் வருதுல்ல, அதனால."

சரளாக்காவின் பேனா தாளிலிருந்து எழுந்துவிட்டது. ஒரு சக்கரம், பாதி ஹேண்டில்பார், அவ்வளவுதான் முடிந்திருந்தது.

"செரி," என்றார். "என் பேரு? அதாச்சும் என்னுதா, இல்ல அதுக்கும் ஒரு போன் போடறியா?"

கேலியாகத்தான் கேட்டார். அவன் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவன் கட்டைவிரல் போன் திரை மேல் போனது. சரளாக்கா காத்திருக்கவில்லை. "உன் பேரு இன்னாம்மா?" என்று கேட்டு, 'வசந்திக்கு' என்று எழுதி, அதன் கீழே தன் பெயரைத் தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போட்டார். பேனாவை மூடி வைத்தார். அதோடு அன்றைக்கு வரைவது நின்றது.

நான் விடவில்லை. மேடைப் பக்கம் போய் டிரெய்லரை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டேன். செந்தில் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, ப்ளீஸ்க்கா. பந்தி நடந்துக்கினு கீது. அதுவும் அவங்க துட்டுதான்." என் பின்னால் 44ஆம் டோக்கனோடு வந்தவாசிக்காரர் ஒருவர் நின்றிருந்தார். "நீங்க கொஞ்சம் மெதுவாப் பேசியிருந்தா எங்களுக்கு வண்டியாச்சும் கெடச்சிருக்கும்மா," என்றார். சாப்பிடாமல் வெளியே வந்துவிட்டேன்.

இந்த ஊர்க் கோயிலில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை. கோபத்தோடு அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். யார் சபைக்கு நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்ற விதியையெல்லாம் ஆயிரம் வருடத்துக்கு முன்பே தமிழில், சுவரில், ஊரே பார்க்க வெட்டிவைத்திருக்கிறார்கள். அதே ஊரில், செந்தில் சொன்னபடி, சரளாக்காவுக்கு அவர் படிக்க முடியாத இங்கிலீஷில் அக்ரிமென்ட் கொடுத்து, அம்புக்குறி போட்ட இடத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நினைக்க நினைக்க எரிந்தது.

நாலு மணிக்கு மண்டபத்துக்குத் திரும்பிப் போனேன். சரளாக்கா கேட்டுக்கு வெளியே தனியாக ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டித் தீர்த்தேன். கேஸ் போடலாம், பத்திரிகைக்கு எழுதலாம், ரசிகர்கள் எல்லாரும் சேர்ந்து மரகதத்தை மீட்கலாம் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்துக் கையை விடுவித்துக்கொண்டார். அப்போதுதான் அவரும் கோபமாக இருப்பது எனக்குத் தெரிந்தது.

"படிக்காமத்தான் கையெழுத்து போட்டேன். அந்தப் பேஜாரு என்னுது. அவன் மேல கோவப்படு, நல்லாப் படு, நானும் படறேன். ஆனா காலைலருந்து இத்தினி பேரு வந்தீங்களே. மரகதத்தக் குடு, மரகதத்தக் குடு. அவனும் அதான் கேட்டான், நீங்களும் அதான் கேக்கறீங்க. வூட்ல ஒக்காந்து நான் இப்ப இன்னா போட்டுக்கினு கீறேன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

ஆட்டோ வந்து நின்றது, காலையில் என்னை ஏற்றிவந்த அதே ஷேர் ஆட்டோ இல்லை, வேறு ஒன்று. அவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன்.

"இப்ப என்னக்கா வரையறீங்க?"

"இப்பதான் கேக்கறியா? இன்னும் நாலு பேரு ஏறணும், வழிய வுடு," என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு மாலையில் அரைமணிக்கு ஒரு பஸ் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை நின்றுகொண்டுதான் வர வேண்டும். தண்ணீர் கொண்டுபோங்கள். தாளோடு கனமான அட்டையும் எடுத்துப் போங்கள், என் தாள் பஸ் கூட்டத்தில் மடங்கிவிட்டது. யாராவது மண்டபமும் சாப்பாடும் இலவசம் என்றால் எதற்கு என்று கேளுங்கள். வரைகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே என்று கையில் அடித்தாவது சொல்லுங்கள். ஓவியர் முன்னால் போய் நின்றால் உங்களுக்கு வேண்டியதைக் கேட்பதற்கு முன், அவர் இப்போது என்ன வரைகிறார் என்று கேளுங்கள்.

நான் எழுபது கிலோமீட்டருக்கு மேல் போய், ஊரையே கூட்டிச் சண்டை போட்டு, ஒரு சக்கரத்தோடு திரும்பி வந்திருக்கிறேன். சரளாக்கா இப்போது என்ன வரைகிறார் என்பது எனக்கு இன்னும் தெரியாது.