ஊத்து முனியின் வீடு

எங்கள் லயத்துப் பீலி ஒரு பாக்கு மரத் துண்டு. இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, ஊற்றின் வாயில் சொருகியிருப்பார்கள். அதில் விழுந்த தண்ணீரில்தான் பத்துப் பன்னிரண்டு வரிசை வீடுகள் கொண்ட லயம் முழுவதும் குடித்தது, குளித்தது, துவைத்தது. சில நாள் தண்ணீரோடு விரல் நகம் அளவில் ஒரு நண்டும் வாளிக்குள் விழும். நான் அதைக் குச்சியால் நோண்டப் போனால் அத்தை முதுகில் ஒன்று வைப்பாள். "அது வீட்டுத் தண்ணியத்தான் நாம எடுக்கிறோம். கொண்டுபோய் விடு" என்பாள். ஊற்றுக்குழியில் விட்டுவிட்டு வந்த பிறகுதான் எனக்குச் சவர்க்காரம் போடுவாள்.

அத்தை புளத்கொகுபிட்டிய பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து என் தாய்மாமனைக் கட்டிக்கொண்டு தெரணியகலைக்கு வந்தவள். வேதக்கார வீட்டுப் பெண். கல்யாணத்துக்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டாள். எங்கள் சாமியையும் அவள் ஒரு நாளும் குறைத்துப் பேசியதில்லை. எங்கள் சாமி ஊத்து முனி. பீலிக்கு மேலே, தேயிலை போட முடியாத பாறைச் சரிவில் ஒரு துண்டுக் காடு இருந்தது. அதற்குள் ஒரு கல்லாக முனி இருந்தார். அவருக்குப் பயந்து அங்கே யாரும் விறகுகூட ஒடிக்க மாட்டார்கள். அந்தப் பயத்தில் மந்தியும் தவளையும் கித்துல் மரமும் பெயர் தெரியாத கொடிகளும் நிம்மதியாக இருந்தன. அட்டையும் இருந்தது. ஒரு சட்டமும் போடாமல் ஒரு கல் அந்தக் காட்டைக் காத்தது.

சில வருஷங்களுக்கு முன் கோயில் கமிட்டிக்குத் திடீரென்று ஞானம் வந்தது. நம் சாமி மழையில் நனைகிறாரே என்று வருத்தப்பட்டார்கள். தேர்தல் நேரம், யாரோ ஒருவர் சீமெந்து கொடுத்தார். அவ்வளவுதான், கல்லைச் சுற்றியிருந்த மரமெல்லாம் லொறியில் ஏறி இரத்தினபுரிக்குப் போய்விட்டது. வெட்டுவதற்கு முன் நடந்த கூட்டத்தில் எழுந்து நின்று வேண்டாம் என்றவள் அத்தை ஒருத்திதான். "வேதக்காரங்களுக்கு எங்க சாமி விஷயத்துல என்னங்க பேச்சு?" என்றார் தலைவர். "சாமி உங்களோடதுதாங்க. தண்ணி நானும் குடிக்கிறதுங்க" என்றாள் அத்தை. பக்கத்தில் மாமா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

கோயில் எழும்ப எழும்ப ஊற்று சுருங்கியது. பாக்கு மரத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, டைல்ஸ் பதித்த சுவரில் பித்தளையில் ஒரு பசு வாய் வைத்தார்கள். கும்பாபிஷேகத்துக்குத் தண்ணீர் பவுசர் லொறியில் வந்தது. வருஷம் முழுக்க மழை கொட்டும் எங்கள் பக்கத்தில்! அந்த மழை இப்போது நிற்க இடமில்லாமல் ஓடி, சேற்றைக் கொண்டுவந்து எங்கள் குசினிகளில் தள்ளுகிறது. போக்கிடமில்லாத மந்திகள் கூரைத் தகரத்தைப் புரட்டுகின்றன. தவளையும் மீனும் போன ஊற்றுக்குழியில் நுளம்பு பெருகிக் கிடக்கிறது. சாமி கோபித்துக்கொண்டார் என்று கமிட்டி பரிகாரப் பூசை வைத்தது. "கோவிக்கலைங்க. அவரு வீட்டத்தான் நீங்க வித்துட்டீங்களே" என்றாள் அத்தை.

சுற்றாடல் தினத்தன்று தோட்டத்து ஒபீசிலிருந்து வந்தார்கள். உயிர்ப்பல்வகைமையைக் காப்போம் என்று எழுதிய பதாகையைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, மொட்டைச் சரிவில் டர்பன்டைன் கன்றுகளை நட்டுப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சுகிற மரம் அது. பெரிய சொல்லை எழுத்துப் பிழையில்லாமல் எழுதத் தெரிகிறது. ஒரு நண்டு இருக்க இடம் விடத் தெரியவில்லை. நாம் என்ன செய்யலாம் என்று அத்தையிடம் கேட்டேன். "ஒண்ணும் செய்ய வேணாம். பாறைக்கு மேல மிச்சம் இருக்கிறதத் தொடாம விட்டா, காடு தானா எறங்கி வரும். தொடாம இருக்கத்தான் இவங்களுக்கு முடியலயே" என்றாள்.

முடியவில்லைதான். அந்த மிச்சத்தையும் வெட்டி அன்னதான மண்டபம் கட்டப் போகிறார்களாம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அத்தை தினமும் காலையில், சொட்டுத் தண்ணீர் வராத பித்தளை வாய்க்குக் கீழே ஒரு வெறும் வாளியை வைக்கிறாள். "எடுத்துருங்கக்கா, வர்றவங்க பாத்தா அசிங்கமா இருக்கு" என்று தலைவர் வந்து சொன்னார். "அதுக்குத்தாங்க வைக்கிறேன்" என்றாள். போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டு விழா. அம்மாவின் வாளியைக் கொண்டுபோய் அத்தையுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். மாமாவும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார், யார் முகத்தையும் பார்க்காமல். கோயில் வாசல் வரைக்கும் வெறும் வாளிகள்.

விழாவுக்கு வந்த பெரிய மனிதர் செருப்பைக் கழற்றி, வாளிகளுக்கு நடுவே பாதம் வைக்க இடம் தேடி வந்தார். மழை பெய்த தரை, காலெல்லாம் சேறு. "கால் கழுவத் தண்ணி எங்கம்மா?" என்று அத்தையிடம் கேட்டார்.

அத்தை பித்தளைப் பீலியைக் காட்டினாள்.