டிரைவர் தலைக்கு மேலே ஒரு பலகை

எதிர்வீட்டு பஸ் டிரைவருக்குச் சர்க்கரை வந்து பல வருஷம். அதைவிட நாள்பட்ட தொல்லைகள் அந்த வீட்டில் இரண்டு: கீழே மனைவி, மாடியில் அக்கா.

கம்பெனி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: அடுத்த சோதனைக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, ஷெட்டில் பஸ் கழுவ வேண்டியதுதான். மனிதர் ஆடிப்போனார். அவரை யாரும் அதட்டாத இடம் உலகத்திலேயே அந்த இருக்கை ஒன்றுதான். தலைக்கு மேலே பலகையே தொங்குகிறது: ‘டிரைவருடன் பேசாதீர்கள்.’

மனைவி சீனி டப்பாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். மூன்று வேளையும் வேகவைத்த முட்டைக்கோஸ். கூடவே அவள் அறுத்துத் தரும் ரொட்டித் துண்டு வழியாகச் செய்தித்தாள் படிக்கலாம்.

அக்கா மாடியில் யோகாவுக்குப் பாய் விரித்தாள். அவள் முதுகை வளைத்தால் தன் குதிகாலிடமே ரகசியம் பேசுவாள். “மூச்சை விடு, தம்பி!” என்று போட்ட கத்தலில் தெருநாய்களும் சேர்ந்து மூச்சை விட்டன.

“இலையைத் தின்னா சரியாயிடுமா? அப்ப ஆட்டுக்குச் சர்க்கரையே வராதா?” என்றாள் அக்கா படியிலிருந்து.

“வராது அண்ணி. தலைகீழா நிக்கிற வௌவாலுக்கு வருதான்னு நீங்க கேட்டுட்டு வாங்க.”

வீட்டு மீட்டரில் சர்க்கரை என்னவோ மளமளவென்று இறங்கியது. “டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமா?” என்று அவர் வாயெடுத்தார்.

“எதாலன்னு சொல்லுவீங்க? என் சமையலாலயா, உங்க அக்கா குட்டிக்கரணத்தாலயா?”

வாயை மூடிக்கொண்டார். மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

சோதனை நாளன்று வெறும் வயிறு. அக்கா விடுவாளா, அன்றைக்கும் வளைத்து எடுத்தாள். அதற்கு மேல் வழக்கமான மாத்திரை. டாக்டர் அறை வாசல் பெஞ்சில் அவருக்குக் கை நடுங்கியது, சட்டை வியர்வையில் ஒட்டியது.

“பட்டினி போட்டே கொன்னுட்டா பாவி!” என்றாள் கூட வந்த அக்கா.

“நீங்க முறுக்கிப் பிழிஞ்சது பத்தலையா?”

இருவருக்கும் நடுவில் டிரைவர் மெல்லச் சரிந்தது அவர்கள் கண்ணில் படவில்லை. நர்ஸ்தான் ஓடிவந்து, விரலில் குத்திப் பார்த்துவிட்டு, சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினாள்.

டாக்டர் எரிந்து விழுந்தார். “சாப்பாடும் நல்லதுதான், யோகாவும் நல்லதுதான். இறங்குதுன்னு தெரிஞ்சா மாத்திரையைக் குறைக்கணுமான்னு என்னைக் கேக்க மாட்டீங்களா? வண்டி ஓட்டும்போது இப்படி ஆகியிருந்தா?”

மாத்திரை பாதியானது. சர்க்கரை ஒரே நிலையில் நிற்கும்வரை ஷெட்டில் பஸ் கழுவினார் டிரைவர். முட்டைக்கோஸும் பாயும் நிற்கவில்லை. பிறகுதான் ஸ்டியரிங் கைக்கு வந்தது.

முதல் நடையிலேயே மனைவியும் அக்காவும் ஏறி, அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள்.

“தம்பி, யாரால பொழைச்சேன்னு இவகிட்ட சொல்லு.”

“ஆமா, சொல்லுங்க. நானும் கேக்கறேன்.”

டிரைவர் திரும்பவில்லை. கையை உயர்த்திப் பலகையை நறுக்கென்று இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கியரைப் போட்டார்.