பெட்டித் துணியில் இருந்த பச்சை நூல்

ஒற்றைத் தறியில் தொடங்கினேன், அதை நாலாக்கினேன். வெறும் மணல் காணியில் கல்வீடு கட்டினேன். அந்த வளவில் நல்ல தண்ணி வராது என்றார்கள். நான் கிணறு வெட்டிய பிறகு அவர்களே வாளியோடு வந்தார்கள். பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் முடித்து வைத்தேன். சுனாமியில் கடல் வந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போனது. நான் உட்கார்ந்து அழவில்லை, இன்னொரு தரம் முதலிலிருந்து கட்டினேன். இவ்வளவையும் செய்தவன் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பாட்டுக் கேட்க இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் செய்தேன்.

மற்றதையெல்லாம் எங்கள் ஊர் மருதமுனை ஒத்துக்கொள்கிறது. அந்த இரண்டு பெட்டியைத்தான் இப்போது வேறொருவருடைய பேரில் சொல்கிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதில் பிழை இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் பாட்டுக் கூட்டத்தில் ஒருவர் தோஹாவில் பல காலம் கரண்ட் வேலை செய்துவிட்டு வந்தவர். ஹஜ்ஜுக்கும் போய் வந்ததால் ஊர் அவரை ஹாஜியார் என்கிறது, எனக்கு மச்சான். வீட்டு மேல்மாடியில் பாட்டுக்கென்றே ஒரு அறை கட்டியிருக்கிறார். சுவரெல்லாம் மெத்தை, ஜன்னலுக்குத் தடித்த திரை, ஏசி, சத்தத்தைப் பெருக்குகிற வெளிநாட்டு அம்ப். அதன் இரண்டு பக்கமும் என் பெட்டிகள். போன மாதம் கொழும்பிலிருந்து பாட்டுப் பைத்தியங்கள் சிலர் அதைக் கேட்க வந்தார்கள், போனில் வீடியோவும் எடுத்தார்கள். மச்சான் கமராவைப் பார்த்து, "இது நம்மட செட்" என்றார். வந்தவர்கள் அதை "ஹாஜியார் செட்" என்று பேஸ்புக்கில் போட்டார்கள். ஊரே பார்த்தது. வளைகுடாவில் இருக்கும் என் மருமகனும் பார்த்துவிட்டு, "மாமா, உங்கட பெட்டி மாதிரியே இரிக்கே" என்று கேட்டான். மாதிரியே என்றான்.

முதல் பெட்டியைச் சொல்கிறேன். அந்த நாளில் ஸ்பீக்கர் என்றால் பழைய ரேடியோவில் கழற்றின ஒன்றை மண்முட்டியின் வாயில் கவிழ்த்து வைப்பார்கள். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து ஆள் கூப்பிடுவது போல வரும். எனக்கு அது பிடிக்கவில்லை. கடைத்தெருவில் தேயிலைப் பெட்டி ஒன்று வாங்கி, ஓட்டை வெட்டி, ஸ்பீக்கரைப் பூட்டினேன். அடிச்சத்தம் வரும்போதெல்லாம் பெட்டிக்குள் கிறுகிறு என்றது. பேய் பிடித்த பெட்டி என்று வீட்டில் சிரித்தார்கள். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாள் ஆடுகிறது என்று நானே கண்டுபிடித்து உரித்தெடுத்தேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அந்தப் பெட்டியின் சத்தத்துக்குத்தான் ஆட்கள் வந்தார்கள். மச்சான் அப்போது தோஹா போகவில்லை, கல்முனையில் ரேடியோ திருத்தும் கடையில் இருந்தார். அம்ப் அவர் கட்டினது. நான் அதை ஒருநாளும் மறைத்ததில்லை. பக்கத்துப் பாண்டிருப்பிலிருந்து ஒரு தமிழ் மாஸ்டர் சைக்கிளில் கசட் பை கொழுவிக்கொண்டு வருவார். சாய்ந்தமருதிலிருந்து மீன்பிடிக்கிற இஞ்சின் போட் வைத்திருந்த ஒரு போட்காரர் வருவார். அவருக்குப் பாட்டின் பேரும் தெரியாது, பாடினவர் பேரும் தெரியாது. ஆனால் காது என்றால் அதுதான் காது. கடலில் இஞ்சின் சத்தம் ஒரு பொட்டு மாறினாலும் எழும்பி உட்காருகிற ஆள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சோறு தின்றதும் என் தறிக்கொட்டிலில் கூடுவோம். அன்றைக்குத் தறி ஓடாது, கொட்டில் அமைதியாக இருக்கும். பின்னேரத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்ல முன் கடைசிப் பாட்டு. கரண்ட் இல்லாத நாளில் லொறி பெட்டரியில் ஓட்டுவோம். சண்டையால் பாதை மூடின காலத்தில் மாஸ்டரால் வர முடியாது. அவருடைய கசட்டுகள் என் வீட்டு அலுமாரியில் கிடக்கும். அவர் இல்லாமல் அதில் ஒன்றையும் போட மாட்டோம். அது நான் வைத்த சட்டம். பாதை திறந்து அவர் வந்த அன்றைக்கு, விட்ட இடத்திலிருந்து போட்டோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். தூசு என்றார்.

பிறகு இரண்டு பக்கமும் சத்தம் வர ஒரு சோடிப் பெட்டி செய்தேன், நல்ல பலகையில். உள்ளே என்ன அடைப்பது என்று கேள்வி வந்தது. மச்சான் கடையில் கண்ணாடிப் பஞ்சு என்று ஏதோ சொன்னார்கள், எங்கள் பக்கம் கிடைக்காது. நான் தறியில் மிஞ்சின கழிவு நூலைச் சாக்கோடு கொண்டு வந்து அடைத்தேன். முதலில் அளவு தெரியவில்லை, இறுக்கி அடைத்துவிட்டேன். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, பின்பலகையைத் திறந்து, பிடி பிடியாக நூலை எடுத்தோம். அந்தப் பாட்டு றபான் என்கிற கைப்பறையின் அடியோடு தொடங்கும்.

போட்காரர் கண்ணை மூடிக்கொண்டு பாயில் இருப்பார். கூட்டத்தில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அண்ணன் என்று அர்த்தம். "இன்னும் மூச்சு முட்டுது காக்கா. ஒரு பிடி எடுங்க."

எடுப்பேன். மாஸ்டர் கசட்டைப் பின்னுக்குச் சுற்றுவார்.

"இப்ப?"

"இப்ப மூச்சு விடுது. ஆனா மூக்கால."

"மாஸ்டர், திரும்ப முதலில இருந்து போடுங்க."

"இப்பிடியே போட்டா நாடா அறுந்துதான் போகும் காக்கா. அறுந்தா நீங்க நெய்து தருவீங்களா?"

"தருவன். எத்தின முழம் வேணும்?"

மச்சான் நூல் குவியலைக் காட்டி, "இதில தலகாணி ஒண்டு தைச்சிருக்கலாம், எல்லாரும் படுத்து நித்திரை கொண்டிருக்கலாம்" என்றார். போட்காரர் கையை உயர்த்தினார். "கதைக்காம இரிங்க. போதும். இப்ப ஆள் முன்னால வந்து குந்திட்டாரு."

ஓம், அப்படித்தான் இருந்தது. பாடுகிறவர் எங்களோடு பாயில் உட்கார்ந்த மாதிரி.

சத்தத்துக்குச் சொல்லும் நான்தான் வைத்தேன். மேல்சத்தத்தைப் பாவு என்றேன், அடிச்சத்தத்தை ஊடை என்றேன். பாவு தறியில் நீட்டுக்கு இழுத்துக் கட்டுகிற நூல். அது விறைப்பாக நிற்க வேண்டும், தொய்ந்தால் துணி கெட்டது. ஊடை குறுக்கே போய் நிரப்புகிற நூல், அதுதான் துணிக்கு உடம்பு. பாட்டும் அதே கணக்குத்தான். "பாவு இறுகிட்டு" என்றால் மேல்சத்தம் காதைக் கீறுகிறது. "ஊடை காணாது" என்றால் அடிச்சத்தம் போதாது. மாஸ்டருக்கும் போட்காரருக்கும் தறி தெரியாது, ஆனாலும் இந்தச் சொல்லில்தான் கதைத்தார்கள்.

இனித் துணிக் கதை. பெட்டியின் முகத்துக்குத் துணி வேண்டும், ஸ்பீக்கருக்குள் தூசு போகக் கூடாது. ஆம்பிளைகள் இடுப்பில் உடுக்கிற சாரன், என் தறியில் நெய்த அந்தச் சாரன் துணியையே நான் இழுத்து அடித்தேன். எங்கள் கொட்டிலில் நெய்கிற ஒவ்வொருவருக்கும் துணியின் ஓரத்தில் ஒரு அடையாள நூல் உண்டு. என்னுடையது பச்சை. துணியில் பிழை வந்தால் யாருடையது என்று தெரிய வேண்டும், நன்றாக வந்தாலும் தெரிய வேண்டும், அதற்குத்தான். பெட்டித் துணியிலும் கீழ் மூலையில் என் பச்சை நூல் இருந்தது.

துணி அடித்த வெள்ளிக்கிழமை இடப்பக்கப் பெட்டி அமுங்கிப்போய்ப் பாடியது. அம்பில்தான் பிழை என்றேன் நான். மச்சான் அங்கேயே கழற்றிச் சோல்டர் வைத்தார். சரி வரவில்லை. அடுத்த வெள்ளி வயரை மாற்றினார். அப்போதும் சரி வரவில்லை. "என்ட அம்ப்ல ஒண்டும் இல்ல" என்று மச்சானும், "என்ட பெட்டியில ஒண்டும் இல்ல" என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தோம். போட்காரர்தான் எழும்பிப் பெட்டிக்குக் கிட்டப் போய்த் துணியைத் தடவினார். தடவின கை ஒரு இடத்தில் நின்றது.

"காக்கா," என்றார், "பாட்டு கரை தட்டி நிக்குது."

சாரன் கரை இருக்கிறதல்லவா, நெருக்கி நெய்த தடித்த கரை. அது மேல்சத்தம் வருகிற சின்ன ஸ்பீக்கரின் வாய்க்கு நேரே போயிருந்தது. கரை வடிவாகத் தெரியட்டும் என்று நானே மேலே ஏற்றி அடித்தது. போட் கரை தட்டினால் அசையாதே, அப்படித்தான் சத்தமும் நின்றது. மச்சான் துணியின் மூலையை இழுத்துக் காட்டினார். "இது யார்ர வேலை பாருங்க. பச்சை நூல் கிடக்கு. ரெண்டு வெள்ளியா என்ட அம்பைக் குடலெடுத்தது இந்தப் பச்சை நூல்தான்." மாஸ்டர் பாயில் விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு எந்தச் செட்டில் மேல்சத்தம் அமுங்கினாலும் எங்கள் கூட்டத்தில் "கரை தட்டுது" என்றுதான் சொல்வோம். அந்தச் சொல் போட்காரருடையது. கரையைக் கீழே இறக்கி அடித்தேன், பெட்டி பாடியது. பெட்டித் துணியில் கரை எங்கே வரவேண்டும் என்று நம் பகுதியில் முதலில் தெரிந்தவன் நான்தான்.

கடல் வந்தது. கொட்டில் போனது, பெட்டிகளும் போயின. என் தறி ஒன்றின் சட்டங்கள் மையத்து அடக்குகிற மையவாடிச் சுவரோரம் மணலில் புதைந்து கிடந்தன. தோண்டி எடுத்துக் காயவைத்து, மர ஆலையில் அறுத்துப் பலகையாக்கினேன். உப்பு ஊறின மரத்தில் ஆணி நிற்காது என்றார்கள், நின்றது. அதில்தான் இப்போதுள்ள சோடிப் பெட்டி. மச்சான் தோஹாவிலிருந்து ஊருக்கு வருகிற ஒருவரிடம் புது ஸ்பீக்கர்கள் கொடுத்துவிட்டார். உள்ளே பழையபடி கழிவு நூல், வெளியே பச்சை நூல் வைத்த சாரன் துணி. அன்றைக்கும் போட்காரர் வந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் இப்போது மௌத்தாகிவிட்டார், அல்லாஹ் அவருக்குச் சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும். அதற்குப் பிறகு அப்படி ஒரு காது எங்களிடம் இல்லை. பாட்டு முடிந்ததும் மாஸ்டரும் நானும் அவர் இருக்கிற மூலையைத்தான் இன்னும் பார்க்கிறோம்.

மச்சான் ஊரோடு வந்து அறை கட்டியபோது பெட்டிகளைக் கேட்டார். சந்தோசமாகக் கொடுத்தேன். பாட்டுக்கு நல்ல இடம் கிடைத்தது என்று நினைத்தேன். கொழும்பு ஆட்கள் வந்த அன்றுதான் பார்க்கிறேன், பெட்டிகளின் முகத்தில் கறுப்புத் துணி. அவர்களில் ஒருவர் பாட்டைக் கேட்டுவிட்டு, "பாவு, ஊடை என்று சொல்கிறீர்களே, நல்ல சொல். எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். மச்சான், "அது நம்மட ஊர்ல அப்பிடித்தான் சொல்லுறது" என்றார். ஊர் சொல்லவில்லை, நான் சொன்னேன்.

அவர்கள் போனதும் கேட்டேன்.

"மச்சான், துணியைக் காணல்ல."

"அது மங்கிட்டு. கொழும்புல இருந்து எடுப்பிச்சுப் போட்டன். நீங்க பொத்துவிலுக்கு மகள்ர வீட்ட போயிருந்தீங்க."

"என்ட நூல்?"

"எந்த நூல்?"

"பச்சை நூல்."

"அதுக்கா முகத்தை இப்பிடி வெச்சிருக்கீங்க? துணியோட போயிருக்கும்."

"நம்மட செட் எண்டீங்களே, நம்மட எண்டா ஆரு?"

"நாம எல்லாரும்தான்."

"அப்ப ஏன் வீடியோவில உங்கட முகம் மட்டும்?"

மாஸ்டர் இடையில் வந்தார். "உங்களையும் எடுக்கத்தான் போனைத் திருப்பினாங்க காக்கா. நீங்க வாய் நிறைய வட்டிலப்பத்தோட இருந்தீங்க."

மச்சான் சிரித்துவிட்டார். "இப்ப என்ன செய்யச் சொல்லுறீங்க? எம்.பி. திறந்து வெச்ச பஸ் நிலையம் மாதிரி பெட்டியில கல்லு ஒண்டு பதிக்கவா?"

நான் பிளேன்டீயைக் குடித்து முடிக்காமல் எழும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் போகவில்லை. ஜும்ஆ முடிந்து சோறு தின்றதும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. வீட்டிலேயே இருக்கிறேன். இத்தனை காலத்தில், பாதை மூடின நாட்களிலும் கடல் வந்த பிறகான நாட்களிலும்தான் நான் வெள்ளிக்கிழமைப் பாட்டை விட்டிருக்கிறேன்.

பொய் சொல்லக் கூடாது, கறுப்புத் துணியால் சத்தம் கெடவில்லை. நன்றாகத்தான் பாடியது. அம்பும் நல்ல அம்ப், அறையும் நல்ல அறை, அவை மச்சானுடைய பங்கு. கசட்டும் அதைத் தேடி அலைந்ததும் மாஸ்டருடைய பங்கு. காது போட்காரருடைய பங்கு. கல் ஒன்றும் பதிக்க வேண்டாம். நான் பெட்டித் துணி நெய்து முடித்துவிட்டேன், இரண்டு முகத்துக்கும் போதும். கரை கீழே வருகிற மாதிரி நெய்திருக்கிறேன். ஓரத்தில் பச்சை நூல் இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை அதோடு வருவேன். மச்சான், அந்தக் கறுப்புத் துணியைக் கழற்றி வையுங்கள், என் துணியை நானே அடிப்பேன். இனி யார் கேட்க வந்தாலும், போனை யார் நீட்டினாலும், முதலில் அந்த மூலையைக் காட்டி, பெட்டி இந்த ஆள் செய்தது, பாவு ஊடை என்ற சொல்லும் இந்த ஆளுடையது என்று சொல்லுங்கள். பிழை வந்த அன்றைக்கு என் பச்சை நூலை இழுத்து எல்லாருக்கும் காட்டினது நீங்கள்தான். பெட்டி நன்றாகப் பாடும்போதும் அதையே காட்டுங்கள்.