வைப்பாற்றைக் கடக்கிறேன்

தூத்துக்குடியிலிருந்து வேம்பாறுக்குக் கடற்கரையோரமாகவே குதிரையில் போகிறோம். ராணுவத்தில் குதிரை ஓட்டிய தாமஸ் அண்ணாச்சியும் அவர் தம்பி செல்வமும் எனக்கு இன்று காலைதான் பழக்கம். பள்ளிக்கூட டீச்சரான நான் பாதியில் திரும்பிவிடுவேன் என்று இருவரும் நினைக்கிறார்கள், வெளியே சொல்லவில்லை.

கீழவைப்பார் அருகே, ஆறு கடலில் சேரும் இடத்தை அவர்களுடைய குதிரைகள் கடந்துவிட்டன. எனக்குக் கொடுத்த பழுப்புக் குதிரை தண்ணீரைக் கண்டதும் பின்வாங்குகிறது. மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். அப்போதும் அப்படியே.

அக்கரையிலிருந்து அண்ணாச்சி கத்துகிறார்: "டீச்சர், நீங்க ரோட்டுக்குப் போயி பஸ்ஸப் பிடிங்க. குதிரைய நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

நான் இறங்கிக் கடிவாளத்தைப் பிடிக்கிறேன். மணலில் கருவாடு காயப்போடும் பெண் என் கால்சட்டையை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

"ஏளா, நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"பெறவு எதுக்கு எறங்குதே?"

"வேம்பாறு வரைக்கும் வாரேன்னு சொல்லியிருக்கேன்."

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதிரையின் மறுபக்கம் வந்து நிற்கிறாள். "மெதுவா நட. இங்கன இடுப்பளவுதான்."

இடுப்பளவு என்றாள்; நடுவில் தண்ணீர் என் நெஞ்சைத் தொடுகிறது. குதிரை நடுங்குகிறது. நானும்தான். ஆனால் இருவரும் நிற்கவில்லை. கரையேறி, நன்றி சொல்லத் திரும்புகிறேன். கருவாட்டைக் காக்கா தூக்கிவிடும் என்று அவள் அதற்குள் பாதி ஆற்றுக்குப் போய்விட்டாள்.

அண்ணாச்சி ஏற்றிவிடக் கை நீட்டுகிறார். நானே ஏறிக்கொள்கிறேன்.

"வெளிச்சம் இருக்கும்போதே போயிரலாம் அண்ணாச்சி," என்று சொல்லி, ஈரம் சொட்டச் சொட்டக் குதிரையை முன்னால் விடுகிறேன். அவர்கள் பின்னால் வருகிறார்கள்.