தங்கக் கார்ட்காரருக்கு முதலிடம்

கொழும்பில் பெரிய மருத்துவமனைக் கம்பனி ஒன்றில் புரோகிராமர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போய் வந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பதுளையில் கம்ப்யூட்டர் படித்து முடித்திருந்தேன். வேலை கிடைத்தால் அம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிடலாம், மடுல்சீமைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டே இரண்டு பேரும் போய்விடலாம். வீட்டில் வேறு பேச்சே இல்லை.

நேர்முகத்தில் எனக்கு எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். படிப்பு, ஊர் எல்லாம் விசாரித்துவிட்டு மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். காத்திருக்கும் நோயாளிகளை வரிசைப்படுத்தும் புரோகிராம் ஒன்றை எழுத வேண்டும். கூடுதல் பணம் கட்டித் தங்கக் கார்ட் வைத்திருப்பவர்கள் முதலில், மற்றவர்கள் வந்த நேரப்படி. சின்னப் பிள்ளை வேலைதான். ஆனால் கை ஓடவில்லை.

எனக்கு லொறி ஞாபகம் வந்துவிட்டது. நான் சிறுமியாக இருந்தபோது அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி வந்தது. தோட்டத்து ஆபிஸின் பெரிய கிளாக்கருடைய மனைவிக்கும் அன்றைக்குப் பல்வலி. அவர் குளித்து, சேலை மாற்றி, முன் சீட்டில் ஏறும் வரை லொறி ஆபிஸ் வாசலில் நின்றது. அம்மா பின்னால் கொழுந்துச் சாக்குகளின் மேல் கிடந்தாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பசறையைத் தாண்டுவதற்குள் தம்பி பிறந்தான். அழவே இல்லை.

நோய் கடுமையானவர் முதலில், அப்புறம்தான் கார்ட் என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தார். அவசரமானவர்கள் வேறு வாசலால் போவார்களாம், இது சாதாரண நோயாளிகளுக்காம். எது அவசரம் என்று வாசலில் நின்று யார் முடிவு செய்வது என்று கேட்டேன். அவர், தமிழில் விளக்கச் சொல்வதுபோல, பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்துக்காரரைப் பார்த்தார். எனக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் கேட்டதே ஆங்கிலத்தில்தான்.

"தங்கச்சி, காட் வச்சிருக்கிற ஆக்கள்தான் முதல். இப்ப விளங்குதே?" என்றார் அவர், அன்பாகத்தான். அந்த அன்புதான் என்னை அதிகம் எரித்தது.

"மொதல்லயே வெளங்குச்சுங்க சார்."

மேனேஜர் புதுத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளிவைத்துத் திருத்தி எழுதச் சொன்னார். அதை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

லயத்துக்கு வந்ததும் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேட்டத எழுதிக் குடுத்துட்டு வர வேண்டியதுதான புள்ள? செத்தது எம் புள்ள. நானே வாயத் தொறக்கல. ஒனக்கு என்ன வந்துச்சு?"

மறுநாள் காலை கூடையை மாட்டிக்கொண்டு, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குக் கிளம்பினாள். நான் வாசலில் நின்றேன். கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரிய கிளாக்கரின் மனைவி எதிரே வந்தார். எனக்கு ஓடிப்போய்க் கத்த வேண்டும் போலிருந்தது. அம்மா கூடையோடு பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்று, அவர் போகும் வரை வழிவிட்டாள்.