யூசுப் பாய் இழுத்த வயர்

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒரு குழந்தையின் தொடையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கைபேசி அடித்தது. எடுக்கவில்லை. அடுத்த குழந்தைக்கும் அடித்தது. எரிச்சலோடு எடுத்து, என்ன அவசரம் என்று கேட்டேன். லப்பைக்குடிக்காட்டில் யூசுப் பாய் கடைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவர் பேசினார். "பாய் மவுத்தாயிட்டாங்க நர்சம்மா. கடையிலயே, ஸ்டூல்ல உக்காந்தபடியே" என்றார். மீதிக் குழந்தைகளுக்கும் ஊசி போட்டு முடித்தேன். இத்தனை வருஷம் கிராமச் செவிலியராக இருந்து நான் கற்றது அவ்வளவுதான் போலிருக்கிறது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்துச் சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

யூசுப் பாயைப் பற்றி எங்கள் பக்கத்தில் இரண்டு பேச்சு உண்டு. கரண்ட் இல்லாத வீடுகளுக்குக் காற்று கொடுத்தவர் என்பது ஒன்று. அவர் செய்த ஃபேன் நின்றுபோய் ஒரு மனுஷன் செத்தான் என்பது இன்னொன்று. நல்லதை மறந்துவிட்டு இரண்டாவதைத்தான் ஊர் விடாமல் பிடித்துக்கொண்டது. அவர் கடையில் உட்கார்ந்து அவர் காசில் டீ குடித்தவர்கள்கூட அதைத்தான் சொன்னார்கள். அன்றைக்கு நடந்ததை நேரில் பார்த்தவள் நான். பாயைத் தெரிந்தவர்கள் அது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காகக் கிடந்து திரும்பியவர். ஊருக்கு வந்து ரிப்பேர் கடை போட்டார். பெரம்பலூர் பைபாஸில் அடிபட்ட வண்டிகளெல்லாம் போய்ச்சேரும் பழைய இரும்புக் கடைகள்தான் அவருக்குச் சந்தை. கார் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு ஃபேன் இருக்குமே, அதன் மோட்டாருக்காகப் போவார். முன்பக்கம் நசுங்கிய காரைத் திரும்பியும் பார்க்கமாட்டார். பின்னால் இடி வாங்கிய காராகத் தேடுவார். கழற்றி வந்த மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நான் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு அதிகமானால் தூக்கிப் போட்டுவிடுவார். அதில் பழைய டேபிள் ஃபேன் இறக்கையையும் கூண்டையும் பொருத்தி, சோலார் பலகையிலும் ஒரு பேட்டரியிலும் ஓட வைப்பார். காரும் பன்னிரண்டு வோல்ட், பலகையும் பன்னிரண்டு வோல்ட், நடுவில் மின்வாரியம் எதற்கு என்று கேட்பார்.

நான் அவரிடம் போனது கலியபெருமாளுக்காக. எங்கள் பொறுப்பில், அரியலூர் போகும் வழியில், மூடிப்போன சுண்ணாம்புக்கல் குழிக்குப் பக்கத்தில் கொஞ்சம் குடிசைகள் இருக்கின்றன. இடத்துக்கு வழக்கு நடக்கிறது. பட்டா இல்லை, அதனால் கரண்ட் இல்லை. கலியபெருமாள் அங்கே இருந்தவன். கிணறு தூர் வாரப் போய், கயிறு அறுந்து உள்ளே விழுந்து, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் கட்டிலோடு கிடந்தான். அசையாதது மட்டுமில்லை, வேர்க்கவும் வேர்க்காது. நமக்கு வெயிலில் வேர்த்துத்தான் உடம்பு குளிர்கிறது. அவனுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. வெயில் ஏற ஏற உடம்பும் கொதிக்கும். ஈரத்துணியைப் போர்த்தி அதன்மேல் காற்றுப் பட்டுக்கொண்டே இருந்தால்தான் பிழைப்பான். அவன் அம்மா பட்டம்மாள் முறத்தால் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். விசிறினால் வேலைக்குப் போக முடியாது, வேலைக்குப் போனால் விசிற ஆள் இல்லை.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, பாய் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் சுபாவம் அது. கலகலப்பாக இரண்டு வார்த்தை பேசினால் குறைந்துபோய்விடும் என்கிற மாதிரி இருப்பார். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார். "அந்த நாட்டுல இருக்குற ஆபீஸுக்கெல்லாம் குளிர் ஓட்டுனேன் நர்சம்மா. நாங்க படுக்குற கேம்ப்ல ஃபேன்கூடக் கெடயாது. பக்கத்துக் கட்டில்ல இருந்தவன் ஒரு மதியம் எந்திரிக்கல." அதற்கு மேல் பேசவில்லை. மறுநாளே மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அந்தக் குழிமேட்டுக்கு வந்துவிட்டார்.

முதல் ஃபேன் உருப்படவில்லை. காருக்குச் செய்த மோட்டார், குடிசைக்குள் லாரி புகுந்த மாதிரி இரைந்தது. கலியபெருமாளுக்குத் தலைவலியே வந்துவிட்டது. பேட்டரியும் சாயந்திரத்துக்குள் செத்துவிடும். பாய் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயரில் கோத்தார். திருவிழா சீரியல் பல்பைப்போல. பன்னிரண்டு வோல்ட்டை இரண்டும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. சத்தம் அடங்கியது, பேட்டரி தாங்கியது, காற்று மெத்தென்று வந்தது. "நோயாளிக்குக் காத்துதான் வேணும், மோட்டாரோட பவுசு வேணாம்" என்றார்.

இரண்டாவது மோட்டார் பக்கத்து வீட்டுக்குப் போனது. அதற்கும் காரணம் இருந்தது. கலியபெருமாள் வீடு ஓலைக் கூரை, பலகையைத் தாங்காது. பக்கத்தில் செல்லம்மா வீட்டுக்கு மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அவள் புருஷன் போன பிறகு தனியாக இருப்பவள், களையெடுப்பு வேலைக்குப் போகிறவள். கூரைமேல் பலகை வைத்துக்கொள்ள யோசிக்காமல் சரி என்றாள். இடம் கொடுத்தவளுக்குக் காற்று இல்லாமல் போகலாமா? ஆக, பேட்டரி கலியபெருமாள் வீட்டில், வயர் செல்லம்மா வீட்டுக்குப் போய் அவள் ஃபேன் வழியாகத் திரும்பி இவன் ஃபேனுக்கு. ஸ்விட்ச் எதற்கும் இல்லை. அவள் வீட்டு வெளிச்சுவரில் மட்டும், வயர் உள்ளே நுழையும் இடத்தில், ரிப்பேருக்காக ஒரு பிளக் வைத்தார். அதில் கை வைக்கக் கூடாது என்று அவளிடம் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. கரண்ட் அடிக்கும் என்பதற்காகச் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கலியபெருமாள் அதற்குப் பிறகு இருந்தான். பிழைத்துக் கிடந்தான் என்று சொல்ல எனக்கு மனசில்லை, இருந்தான். ரேடியோ கேட்டான். பாயை "காத்து மொதலாளி" என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்தான். அந்தக் கடுகடு முகம் சிரித்து நான் பார்த்தது அங்கே மட்டும்தான். பட்டம்மாள் நூறு நாள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் துணியை நனைத்துப் போர்த்திவிட்டுப் போய், மதியம் ஓடிவந்து மறுபடி நனைப்பாள். இந்த ஃபேனைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். பாய் எல்லாருக்கும் அதே மாதிரி இரண்டிரண்டு வீடாகக் கோத்துக் கொடுத்தார்.

அக்கினி நட்சத்திரம் கொளுத்திய ஒரு நாள், செல்லம்மாவுக்கு வேப்பந்தட்டையிலிருந்து துக்கச் செய்தி வந்தது. தாய்மாமன் தவறிவிட்டார். அவசரமாகக் கிளம்பினாள். வெளியூர் கிளம்பும் எவரும் செய்வதை அவளும் செய்தாள். அடுப்பைப் பார்த்தாள், கதவைப் பூட்டினாள், ஆளில்லாத வீட்டில் ஃபேன் எதற்கு என்று வெளிச்சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பஸ் ஏறினாள். கரண்டையே பார்க்காமல் இருந்து முதல்முதலாக ஒரு ஃபேனைப் பார்த்தவள். அதை வீணாக ஓட்டக் கூடாது என்கிற அக்கறை அவளுக்கு நம்மையெல்லாம்விட அதிகம்.

மதியம் பட்டம்மாள் வேலையிலிருந்து ஓடிவருவதற்கு முன்னால், நான் எடை பார்க்கும் தராசோடு அந்தப் பக்கம் போனேன். கலியபெருமாள் வீட்டில் சத்தமே இல்லை. உள்ளே ஃபேன் நின்றிருந்தது. அவன்மேல் போர்த்தியிருந்த துணி காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருந்தது. உடம்பைத் தொட்டேன், கையை வைக்க முடியவில்லை. கண் திறந்திருந்தது, பேச்சில்லை. குடத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டு, வயரைப் பிடித்துக்கொண்டே வெளியே ஓடினேன். பிளக் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. சீரியல் பல்பில் ஒன்றைக் கழற்றினால் எல்லாம் அணைவதுபோல, அதைப் பிடுங்கினால் இவன் ஃபேனும் நின்றுவிடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொருகினேன், ஃபேன் ஓடியது. ஆம்புலன்ஸ் வந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். சிறுநீரில் ஏற்கெனவே கிருமி இருந்தது, வெயில் முடித்துவிட்டது என்றார் டாக்டர். எனக்கு அதில் ஒரு ஆறுதலும் இல்லை.

ஆம்புலன்ஸ் போன கொஞ்ச நேரத்தில் பாய் வந்துவிட்டார். என்ன நடந்தது என்று சொன்னேன். பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு அந்தச் சுவர் ஓரமாகவே வெயிலில் உட்கார்ந்துவிட்டார். செல்லம்மா வரட்டும், நான் கேட்கிறேன் என்று கத்தினேன். அப்போதுதான் அவர் தலையைத் தூக்கினார்.

"கேக்கக் கூடாது நர்சம்மா. வூட்டப் பூட்டிட்டுப் போறப்ப புடுங்கிட்டுப் போறது நல்ல பழக்கம்ங்க. அந்த நல்ல பழக்கம் ஒருத்தன் உசுர எடுக்குற மாதிரி வயர இழுத்தவன் நான்."

நான் விடவில்லை. சொல்லித்தானே வைத்தீர்கள், கை வைக்காதே என்று சொன்னீர்களே என்று கேட்டேன். கை வைக்காதே என்றுதான் சொன்னேன், பக்கத்து வீட்டு மூச்சு உன் கையில் இருக்கிறது என்று சொல்லவில்லையே என்றார். மண்டையில் அடித்துக்கொண்டார். அந்த மனுஷன் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தியாகம் செய்கிற முகம் இல்லை அது. தப்பு செய்தவன் முகம்.

அடக்கம் முடிந்து, ஃபேன் ஏன் நின்றது என்று பட்டம்மாள் கேட்டபோது, மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் கார்பன் தேய்ந்து போயிருந்தது, நான் முன்கூட்டியே பார்த்து மாற்றியிருக்க வேண்டும், என்னை மன்னிக்க வேண்டும் என்று சொன்னார். பட்டம்மாள் மண்ணை வாரி அவர்மேல் போட்டாள். தட்டிவிடாமல் நின்றார். செல்லம்மா கூட்டத்தில் இருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஊர் பேசியதற்குக் கேட்கவா வேண்டும். அடிபட்டுச் செத்தவர்கள் காரிலிருந்து எடுத்த மோட்டார், அது உயிர் கேட்காமல் என்ன செய்யும் என்றார்கள். சிலர் ஃபேனைக் கழற்றி வாசலில் எறிந்தார்கள். பாய் கடையை மூடவில்லை. கோத்து வைத்த வீடுகளுக்கெல்லாம் போய், இரண்டையும் பிரித்து, வீட்டுக்கு ஒரு பலகை, ஒரு பேட்டரி என்று மாற்றினார். சில வீட்டில் உள்ளேயே விடவில்லை. வாசலில் நின்று, ஃபேன் வேண்டாம் என்றால் சரி, வயரையாவது பிரித்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினார். நான் கூடப் போயிருக்கிறேன். உண்மையைச் சொல்லித் தொலையுங்கள் என்று திட்டியிருக்கிறேன். சொன்னதுதானே உண்மை, நான் பார்த்து வைக்கவில்லை, அவ்வளவுதான் என்பார். நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு தடவை சொன்னார். ஈசிஜி எடுக்கக் கூப்பிட்டேன். கடைசி வீடு முடியட்டும் என்றார். முடிந்ததா என்று எனக்குத் தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டு வாசலில் ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போய் முகம் பார்த்தேன். கடுகடுப்பு போயிருந்தது, எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் மனைவி ஜைத்தூன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, பழிச்சொல்லோடேயே போயிட்டாங்களே என்று அழுதார். என்ன சொல்வது? வாயைத் திறந்தால் இன்னொருத்தியை இழுக்க வேண்டும். மூடிக்கொண்டிருந்தேன்.

ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பிய பிறகு, எதிர்ச் சுவர் ஓரம் செல்லம்மா நிற்பதைப் பார்த்தேன். எப்போது வந்தாள் என்று தெரியாது. நேராக என்னிடம் வந்தாள். துக்கத்துக்குப் போன அன்றைக்குச் சாயந்திரம் ஊர் திரும்பியபோது, பிடுங்கிய பிளக் சொருகியிருந்ததைப் பார்த்தாளாம். நின்ற ஃபேனை ஓட்டத்தான் அதைச் சொருகியிருக்கிறார்கள், தன்னைக் காக்கத்தான் பாய் கார்பன் என்கிறார் என்று அவளுக்கு விளங்கிவிட்டதாம். பயத்தில் வாயடைத்துப் போனாளாம். பாய் ஒரு நாள் வயரைப் பிரிக்க வந்தபோது, தெரியுமா என்று கேட்கிற மாதிரி அவர் முகத்தைப் பார்த்தாளாம். அவர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாராம்.

"நாந்தான் புடுங்குனேன்னு பட்டம்மாக்கிட்டச் சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனேன். அது அப்படியே வாசல்ல உக்காந்துருச்சு" என்றாள். "நீங்க பாயப் பத்தி எழுதுவீங்கல்ல நர்சம்மா? எழுதுங்க. எம்பேரப் போட்டே எழுதுங்க" என்றாள். பிறகு ஜைத்தூன் அக்காவைப் பார்க்க உள்ளே போனாள். அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதமாட்டேன்.

பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். எங்கேயாவது குழந்தைக்கு மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்றால், முன்பெல்லாம் அந்த அம்மாவை ஒரு பிடி பிடிப்பேன். இப்போது நான் என்ன சொன்னேன், எதைச் சொல்லாமல் விட்டேன் என்று முதலில் பார்க்கிறேன். சுலபமாக இல்லை. என் வாய் உங்களுக்குத் தெரியும்.

செல்லம்மா கேட்டபடி அவள் பெயரைப் போட்டே எழுதிவிட்டேன். அவள் அங்கேயேதான் இருக்கிறாள், களையெடுக்கப் போகிறாள், பட்டம்மாள் வீட்டுக்குத் தண்ணீரும் எடுத்து வைக்கிறாள். இதைப் படித்துவிட்டு யாராவது அவளிடம் போய் ஒரு வார்த்தை கேட்டீர்களானால், யூசுப் பாயை எனக்குத் தெரியும் என்று இனி வெளியில் சொல்லிக்கொள்ளாதீர்கள்.